மாத்திரை போட்டு 10 நாளாச்சு, ஒண்ணும் மாறலையா? மூளை, மருந்து, மனநல நர்ஸ்... ஒரு கம்ப்ளீட் கைடு!

காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் போட்டா, ஒரு மணி நேரத்துல வேர்த்து விட ஆரம்பிச்சிடும். நம்ம மனசுல மாத்திரைன்னா அதுதான் கணக்கு. அதே கணக்கோடதான் மனநல மாத்திரையையும் ஆரம்பிக்கிறோம். முதல் நாள் குமட்டல். மூணாவது நாள் தூக்கம் கெடுது. ஒரு வாரம் ஆகியும் மனசு அப்படியேதான் இருக்கு. பத்தாவது நாள், 'இது நமக்கு செட் ஆகலை'ன்னு மிச்ச ஸ்ட்ரிப்பை டிராயருக்குள்ள போட்டுடறோம்.

இதுல கொடுமை என்னன்னா, பெரும்பாலான டிப்ரெஷன் மாத்திரைகளில் பக்க விளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். நிறைய பேர் நிறுத்துறது, பலன் தெரிய ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி!

2015-16-ல் பெங்களூரு நிமான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. மனநலப் பிரச்னை உள்ளவர்களில், பிரச்னையின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு. அவ்வளவு தயக்கத்தையும் தாண்டி டாக்டர் வரைக்கும் போன ஒருத்தர், பத்தாவது நாள்ல திரும்பிடக் கூடாது இல்லையா? அந்த இடைப்பட்ட வாரங்களில் மூளைக்குள்ள என்ன நடக்குது, மருந்து என்ன செய்யுது, பக்கத்துல இருக்கிறவங்க எதைப் பார்க்கணும்... வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

நம்ம மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம்தான். ஆனா, உடம்பு செலவழிக்கிற சக்தியில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கும். உள்ளே ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள்.

பெரும்பாலான இடங்களில் ஒரு நியூரான் இன்னொண்ணைத் தொடாது. நடுவுல மிக மிகச் சின்ன இடைவெளி இருக்கும். அதுக்குப் பேர் சினாப்ஸ். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தகவல் போக, முதல் நியூரான் ஒரு ரசாயனத்தை வெளியே விடும். எதிர்க்கரையில் இருக்கிற ரிசப்டார் அதைப் பிடிச்சுக்கும். வேலை முடிஞ்சதும், மிச்ச ரசாயனத்தைப் பல நேரம் முதல் நியூரானே திரும்ப உறிஞ்சிக்கும். செரடோனின், டோபமைன், நார்அட்ரினலின், காபா எல்லாமே இப்படித் தகவல் கொண்டுபோற ரசாயனங்கள்தான்.

மனநல மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. சில மருந்துகள் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும். சில, ரிசப்டார் மேல உட்கார்ந்து அதை மூடும். சில, ரிசப்டார் வேலை செய்யுற வேகத்தைக் கூட்டும்.

'செரடோனின் குறைஞ்சா டிப்ரெஷன், ஏத்தினா சரி'ன்னு ரீல்ஸ்ல சொல்றாங்களே? அது ரொம்பவே சுருக்கின கதை. ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கு அதை அப்படியே ஏத்துக்கறதில்லை. மரபணு, மன அழுத்தம், தூக்கம், வாழ்க்கைச் சூழல்னு பல விஷயங்கள் சேர்ந்துதான் டிப்ரெஷன் வருது. மருந்து உதவுதுங்கிறது வேற, அந்த ரசாயனம் குறைஞ்சதுதான் காரணம்ங்கிறது வேற. பாராசிட்டமாலால் காய்ச்சல் குறையுதுங்கிறதுக்காக, உடம்புல பாராசிட்டமால் பத்தாமதான் காய்ச்சல் வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்லையே!

அப்புறம் ஏன் இவ்ளோ லேட்?

மொட்டைமாடி தண்ணி டேங்க்கை நினைச்சுக்கோங்க. தண்ணி நிரம்பினதும் உள்ளே மிதக்கிற பந்து மேலே வந்து, வர்ற தண்ணியை அடைச்சிடும். மூளைக்குள்ளேயும் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கு.

எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே, சினாப்ஸில் செரடோனின் திரும்ப உறிஞ்சப்படுவது தடைபடும். அதாவது, டேங்க்கில் தண்ணி ஏறிடும். உடனே செரடோனின் விடுற நியூரான், 'போதும், நிறைய இருக்கு'ன்னு தன்னோட சப்ளையைக் குறைச்சிடும். இந்தப் புது நிலைமைக்கு அந்தக் கட்டுப்பாடு பழகித் தளர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். கூடவே நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளும் மெதுவாகத்தான் மாறும். தாமதத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

அதனாலதான் 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிச்சு, முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகுது.

சரி, குமட்டல் மட்டும் ஏன் உடனே வருது? உடம்பில் இருக்கிற செரடோனினில் சுமார் 90 சதவிகிதம் இருப்பது தலையில இல்லை, குடலில்! மாத்திரையின் வேலை முதலில் வயிற்றில் தெரிவது அதனாலதான். பெரும்பாலானவர்களுக்கு ஒண்ணு, ரெண்டு வாரத்தில் இது அடங்கிடும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் இன்னும் கொஞ்சம் சுலபம்.

1952-ல் நடந்த ரெண்டு விஷயம்

இந்த மருந்துகளுக்கு முந்தைய காலம் எப்படி இருந்துச்சு? சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-லிருந்து தொடங்குது. அங்கே மட்டுமில்லை, உலகம் முழுக்கவே அன்றைய மனநல மருத்துவமனைகளில் நோயைக் குறைக்கிற மருந்து பெருசா எதுவும் கிடையாது. உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவே இல்லை. சினிமாவுல இன்னிக்கும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு காமெடி பண்றாங்கன்னா, அந்தப் பழைய காலத்தோட மிச்சம்தான் அது.

1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற உப்பு, மேனியா எனப்படும் அதீத உற்சாக நிலையைக் கட்டுப்படுத்துவதைக் கண்டறிந்து எழுதினார். அடுத்து, பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் ஆன்ரி லபோரி, ஆபரேஷன் நோயாளிகளுக்காகப் பயன்படுத்திய குளோர்ப்ரோமசின் மருந்து அவர்களை அமைதியாக்குவதைக் கவனித்தார். 1952-ல் பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் குரல் கேட்பது, அதீத சந்தேகம் போன்றவை குறைந்தன. நவீன மனநல மருந்துகளின் காலம் அங்கேதான் பிறந்தது.

அதே 1952-ல் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் ஒரு புத்தகம் வெளியிட்டார். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் உருவாகிற உறவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்பது அதன் சாரம். மனநல நர்ஸிங்கின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். மருந்தும், அந்த மருந்தைத் தொடர வைக்கிற ஆளும் ஒரே வருஷத்துல கவனத்துக்கு வந்தது தற்செயல்தான். ஆனா, ரெண்டும் சேர்ந்தாதான் சிகிச்சை ஓடும்.

நாலு வகை மாத்திரைகள்... எதுல எதைக் கவனிக்கணும்?

*1. டிப்ரெஷன், பதற்றத்துக்கான மாத்திரைகள்*

ஃப்ளூஆக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் ஆகியவை இந்த வகை. குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் ஆரம்பத்தில் வரலாம். பாலியல் ஆர்வம் குறைவதும் உண்டு. இதை டாக்டர்கிட்ட சொல்ல வெட்கப்பட்டே மாத்திரையை நிறுத்துறவங்க இருக்காங்க. சொல்லுங்க, மருந்தையோ டோஸையோ மாத்த வழி இருக்கு.

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கும்போதும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டிருக்கிறது. மாத்திரையே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. முதல் சில வாரங்கள் அவங்களைத் தனியா விடாம கவனிக்கணும்னு அர்த்தம்.

நல்லா ஆனதும் உடனே நிறுத்தலாமா? கூடாது. முதல் முறை டிப்ரெஷன் வந்தவர்கள், சரியான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டல். திடீர்னு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

*2. தூக்கம், பதற்றத்துக்கு உடனடி மாத்திரைகள்*

அல்பிரசோலம், குளோனசிபாம், லோராசிபாம், டயசிபாம். மூளையின் பிரேக் ரசாயனமான காபாவின் வேலையை இவை கூட்டும். அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே பலன் தெரியும். 'அடிமை ஆயிடுவோமோ'ங்கிற பயம் நியாயமா பொருந்துறது இந்த வகைக்குத்தான். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்கு மேல் போகாமல்தான் கொடுப்பார்கள். பல மாதம் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும் ஆபத்து இருக்கு.

இந்தியாவில் அல்பிரசோலம் உள்ளிட்ட சில மருந்துகள் ஷெட்யூல் ஹெச் 1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. விற்ற விவரத்தை மெடிக்கல் ஷாப் தனி ரெஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஃப்ரெண்டுக்கு எழுதிக் கொடுத்த ஸ்ட்ரிப்பிலிருந்து 'ஒண்ணே ஒண்ணு' வாங்கிப் போடறதெல்லாம் வேண்டாமே.

*3. ஆன்டிசைக்காடிக் மாத்திரைகள்*

குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்றவற்றுக்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குளோசபின் போன்றவை. இவை முக்கியமாக டோபமைன் ரிசப்டாரை மூடும். சிக்கல் என்னன்னா, டோபமைன் மூளையில் பல ரூட்ல ஓடுற பஸ் மாதிரி. ஒரு ரூட்டில் மறிச்சா குரல் குறையும். உடல் அசைவுக்கான ரூட்டிலும் அதே மறியல் நடந்தா கை நடுங்கும், உடம்பு விறைக்கும். ஹார்மோன் ரூட்டில் நடந்தா பீரியட்ஸ் தள்ளிப்போகலாம்.

ஆரம்ப நாள்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கும், தாடை இறுகும், கண் மேலே செருகிக்கும். வீட்டில் பார்க்கிறவங்களுக்கு 'ஏதோ பிடிச்சிருச்சு'ன்னு தோணி, வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போயிடறாங்க. இது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகும்.

ஓலன்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கு எடையும் சர்க்கரையும் கூடலாம். அதனால இடுப்பளவு, எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் செக் பண்ணிட்டே இருக்கணும். குளோசபின் அரிதாக வெள்ளை அணுக்களைக் குறைக்கும் என்பதால், ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரையை மறப்பவர்களுக்கு, 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் இருக்கின்றன.

*4. மூட் ஸ்டெபிலைசர்கள்*

பைபோலார் பிரச்னைக்கு லித்தியம், வால்ப்ரோயேட் போன்றவை. லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. பொதுவாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கணும். 1.5-ஐத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுத்தான் இதுக்கு ரத்தம் எடுப்பாங்க. டெஸ்ட் இருக்கிற நாள் காலையில மாத்திரையைப் போட்டுட்டுப் போனா ரிசல்ட் தப்பா வரும்.

நம்ம ஊர் மே மாசத்துக்கு இங்கே தனி கவனம் தேவை. வேர்த்து, தண்ணி குடிக்காம உடம்பு வறண்டா ரத்தத்தில் லித்தியம் ஏறும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும் ஏறும். இடுப்புவலிக்கு நாமா வாங்கிப் போடுற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் ஏத்திவிடும். வால்ப்ரோயேட், கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து. கர்ப்பம் பற்றி யோசிக்கிற பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசணும். தானா நிறுத்துறதும் ஆபத்துதான்.

மனநல நர்ஸ் என்ன பார்க்கிறார்?

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து சில நிமிஷம் பார்ப்பார். மீதி 24 மணி நேரமும் வார்டில் இருப்பது நர்ஸ். மாத்திரை கொடுப்பது அவர் வேலையில் ஒரு துண்டுதான்.

மாத்திரையை விழுங்கினாரா, கன்னத்துக்குள் ஒதுக்கி வெச்சிருக்காரான்னு பார்ப்பார். ஏன் விழுங்க மாட்டேங்கிறார்னும் கேட்பார். விஷம்னு சந்தேகமா, குண்டாகிடுவோம்னு பயமா, தொண்டையில் சிக்குதா? ஒவ்வொரு பதிலுக்கும் தீர்வு வேற வேற.

ஒரு உதாரணம். ஆன்டிசைக்காடிக் தொடங்கின நோயாளி வார்டில் நிக்காம நடந்துட்டே இருக்கார். உட்கார்ந்தா எழுந்திருக்கிறார். நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு டோஸைக் கூட்டினா நிலைமை இன்னும் மோசமாகலாம். ஏன்னா, அகதீசியா என்ற பக்க விளைவும் அப்படியேதான் இருக்கும். 'மனசு பதறுதா, இல்ல காலை ஒரு இடத்துல வைக்க முடியலையா?'ன்னு கேட்கத் தெரிஞ்ச நர்ஸ் இருந்தா, சரியான தகவல் டாக்டருக்குப் போய்ச் சேரும்.

இன்னொண்ணு. டிப்ரெஷனில் முடங்கிக் கிடந்தவர் எழுந்து குளிக்கிறார், நடக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனா, சிலருக்கு உடம்பில் தெம்பு முதலில் திரும்பும், மனசுல இருக்கிற விரக்தி பிறகுதான் போகும். இந்த இடைப்பட்ட நாள்களில் கண்காணிப்பைக் குறைக்கக் கூடாதுங்கிறது மனநல நர்ஸிங்கின் அடிப்படைப் பாடம். சாகணும்னு தோணுதான்னு நேரடியா கேட்கவும் அவங்களுக்குப் பயிற்சி உண்டு. கேட்டா அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம்ங்கிறது தப்பான நம்பிக்கை. மனசுல இருக்கிறதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

நோயாளி ஒரு விஷயத்தை உறுதியாக நம்பும்போது, 'அப்படியெல்லாம் இல்லை'ன்னு நர்ஸ் வாதாட மாட்டார், 'ஆமாம்'னு தலையாட்டவும் மாட்டார். 'எனக்கு அந்தக் குரல் கேட்கலை. ஆனா, உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது' என்கிற மாதிரி பேசுவார். இதை வீட்டிலும் தாராளமா ஃபாலோ பண்ணலாம்.

வீட்டுல நீங்கதான் நர்ஸ்!

அண்ணனோ, அம்மாவோ, ரூம்மேட்டோ மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தா, இதெல்லாம் செய்யலாம்.

* தொடங்கின தேதியை போன்ல குறிச்சு வைங்க. 4-வது வாரம், 8-வது வாரத்துக்கு ரிமைண்டர் போடுங்க. அதுக்கு முன்னாடி பலன் இல்லைன்னு முடிவு பண்ண வேண்டாம்.
* தூக்கம், சாப்பாடு, மூட், புதுசா வந்த தொல்லை... தினமும் ஒரு வரி எழுதினா போதும். டாக்டரைப் பார்க்கும்போது 'எப்படி இருக்கு?'ங்கிற கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கும்.
* ஒரு வேளை மறந்துட்டா, அடுத்த வேளை டபுளா போடக் கூடாது.
* ஆரம்ப வாரங்களில் மாத்திரைகளை நம்பிக்கையான ஒருத்தர் பொறுப்பில் வைங்க. வீட்டில் மொத்தமா சேர்த்து வைக்க வேண்டாம்.
* பல் டாக்டரா இருந்தாலும், கண் டாக்டரா இருந்தாலும் என்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு சொல்லிடுங்க. நாட்டு மருந்து, சித்த மருந்து எடுத்தா அதையும் மனநல டாக்டர்கிட்ட சொல்லுங்க.
* 'லூசு மாத்திரை'னு விளையாட்டுக்குக்கூட சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பாத்ரூம்ல ஒளிஞ்சு மாத்திரை போடுறவங்க இருக்காங்க.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அறிகுறிகள்

கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பது, குழப்பம்: ஆன்டிசைக்காடிக் எடுப்பவர்களுக்கு அரிதாக வரும், ஆனா உயிருக்கே ஆபத்தான நிலை.

லித்தியம் எடுப்பவருக்குக் கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறுவது, தள்ளாட்டம்.

குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி.

எந்த மாத்திரையாக இருந்தாலும் வலிப்பு, தோலில் வேகமாகப் பரவும் தடிப்பு, தற்கொலை எண்ணம்.

இதுல எதுவா இருந்தாலும் 'அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல சொல்லிக்கலாம்'னு விடாதீங்க. 108-ஐ கூப்பிடுங்க.

சட்டம் உங்க பக்கம்!

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கக் கூடாது. தண்டனையாக யாரையும் கட்டி வைக்கக் கூடாது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். எதிர்காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னும் இந்தச் சட்டம் சொல்கிறது. மாத்திரை எதுக்கு, என்ன பக்க விளைவு வரும்னு கேட்கிறதும் உங்க உரிமைதான். டாக்டர் பிஸியா இருந்தா நர்ஸைக் கேளுங்க.

யார்கிட்ட பேசலாம்?

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

டிராயருக்குள்ள பாதி ஸ்ட்ரிப் கிடக்குதா? நிறுத்தி எத்தனை நாள் ஆச்சுன்னு எண்ணிப் பாருங்க. நீங்களா மறுபடி பழைய டோஸ்ல ஆரம்பிக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கே போன் போட்டு, 'இந்தத் தேதியில நிறுத்திட்டேன், இதனாலதான் நிறுத்தினேன்'னு சொல்லுங்க. திட்டுவாங்களோன்னு பயப்பட வேண்டாம். அவங்க தினமும் கேட்கிற விஷயம்தான் இது.